கால் ஊனிக்கும்

இதுக்கு பிரேக் எங்கம்மா என்று நான் கேட்டபோது குழந்தைச் சைக்கிள் கடையிலிருந்த பெண் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, தினமும் நாலு பேர் கேட்கிற கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு. "இந்த வண்டிக்கு பிரேக் வராதுங்க சார், பெடலே இல்லீங்களே, குழந்தை காலாலயே தள்ளிட்டுப் போகும், நிக்கணும்னா கால் ஊனிக்கும்" என்று சொல்லிவிட்டு பில் போடப் போய்விட்டாள். அவளுக்கு அது முடிந்த விஷயம். எனக்கு அந்த ஒரு சொல் கூடவே ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து, ஒரு வாரமாக வீட்டுக்குள் நடமாடி, இதோ இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அபார்ட்மெண்ட் முற்றத்தில் முதுகை வளைத்துக்கொண்டு நான் நடக்கும்போதும் பின்னாலேயே வருகிறது. கால் ஊனிக்கும். எழுத்தில் என்றால் ஊன்றிக்கொள்ளும் என்று எழுத வேண்டும், எங்கள் கோயமுத்தூர்ப் பேச்சில் ஊனுவதுதான், விதை ஊனுவார்கள், தென்னம்பிள்ளை ஊனுவார்கள், கீழே விழப்போகிறவன் கையை ஊனிக்கொள்வான், எல்லாம் நல்ல காரியம்தான், எதிலும் குறை இல்லை, ஆனால் ஊனு, ஊனி, ஊன என்று மனசு படியிறங்கிப் போய் கடைசிப் படியில் நிற்கிறதே அந்தச் சொல், அதை இந்த மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை, நினைக்கக்கூட இல்லை, வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் அவ்வளவுதான். சின்ன சீட்டு, என் உள்ளங்கை அளவுகூட இல்லை, அதில் என் மகள் இளவேனில், எங்களுக்கு வேனில், உட்கார்ந்திருக்கிறாள், இரண்டரை வயது, தலையில் மஞ்சள் ஹெல்மெட், அதற்குக் கீழே வியர்த்த பிடரி, இரண்டு கால்களும் தரையில் மாறி மாறி தட்டித் தட்டித் தள்ள, நான் அவளுக்குப் பின்னால் கொக்கு மாதிரி நடக்கிறேன். "உடுப்பா" என்கிறாள், திரும்பிப் பார்க்காமல். விட்டுவிட்டேன் சாமி, விட்டுவிட்டேன் என்று சொல்கிறேன். விடவில்லை. இரண்டு விரல் மட்டும் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரிகிறது. "உடு" என்று மறுபடியும் சொல்கிறாள், இந்தத் தடவை கோபமாக.

அவளுக்கு இடது கால் சின்னது. யாருக்கும் தெரியாது, பார்த்தாலும் தெரியாது, செருப்புக் கடைக்காரனுக்கு மட்டும் தெரியும், ஒரே செருப்பில் இரண்டு அளவு வாங்கி காலுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம், மிச்சமானவை ஜோடி சேராமல் அலமாரியில் கிடக்கின்றன. கெண்டைச் சதையும் அந்தப் பக்கம் கொஞ்சம் ஒல்லி. ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தி, வயிற்றின் ஒரே இடத்தில் அந்தக் கருவியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார், சுகந்தி என் முகத்தைப் பார்க்கிறாள், நான் திரையைப் பார்க்கிறேன், திரையில் எனக்கு மழை மாதிரி ஏதோ தெரிகிறது, பிறகு அவர் கிளப் ஃபுட் என்றார். கிளப் என்றால் எனக்குச் சீட்டாடுகிற இடம்தான் தெரியும். பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, பிறந்த உடனே வைத்தியம் ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னதெல்லாம் சுகந்தி பிற்பாடு எனக்குச் சொல்லித்தான் தெரியும், அந்த அறையில் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. விஷயம் தெரிந்த அன்றைக்கே என் பெரியம்மா வந்துவிட்டார், வந்ததும் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு "கெரகணத்தன்னிக்கு வெளிய கிளிய போனயா கண்ணு, காய் கீய் நறுக்குனயா" என்றார், சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆமாங்க அத்தை, நேரா நிலாவுக்கே போய்ட்டு வந்தேன்" என்றாள், பெரியம்மா காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். சுகந்தி அப்படித்தான், அழுதுகொண்டே சண்டை போடுவாள். நான் சண்டையும் போடமாட்டேன் அழவும் மாட்டேன், சோதித்துப் பார்ப்பேன். பம்ப் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை, செய்து முடித்த பம்பை மேடையில் ஏற்றி ஓடவிட்டு, எங்கே கசிகிறது, எங்கே அதிர்கிறது, எங்கே சூடாகிறது என்று பார்த்துச் சொல்வது, நல்லா ஓடுகிற பம்பில் நான் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அவள் பிறந்த பிறகு வாராவாரம் ஆஸ்பத்திரியில் பழைய மாவுக்கட்டை ஊறவைத்துப் பிரித்து, புதுக்கட்டு போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அந்தக் கால் வெறும் காலாக இருக்கும், என் நடுவிரல் நீளம்கூட இல்லாத பாதம், தோலெல்லாம் உரிந்து, ஈர மாவு வாசனையோடு. சுகந்தி அதை வெந்நீரில் கழுவி முத்தம் கொடுப்பாள். நான் தலையைச் சாய்த்து எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். போன வாரத்தைவிடத் திரும்பியிருக்கிறதா, இல்லையா. டாக்டர் அந்தப் பாதத்தை விரல்களுக்கு நடுவே பிடித்துக் கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக, வெளிப்பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மாவைச் சுற்றுவார். "அவசரப்படக் கூடாதுங்க, தானா வரும், நாம கூடப் போனாப் போதும்" என்பார் டாக்டர்.

கூடப் போனால் போதும், கூடத்தானே போய்க்கொண்டிருக்கிறேன், இரண்டு விரலை வைத்துக்கொண்டு. வேனில் பூச்செடி வரிசையைத் தாண்டி வண்டியைத் திருப்புகிறாள், முன் சக்கரம் கல்லில் இடித்துத் துள்ளுகிறது, என் கை தானாக இறுகுகிறது. பிரேக் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாயிற்று. பிரேக் வைத்த வண்டிகளும் விற்கிறார்கள், கைப்பிடியில் குட்டியாக ஒன்று, பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும், சின்ன வயதிலேயே பழக்கினால் பெரிய சைக்கிளுக்குப் போகும்போது எளிது என்கிறார்கள், சரி என்று தோன்றுகிறது. இன்னொருவர் இந்த வயதுக் குழந்தைக்கு அதை அழுத்துகிற பலம் விரலில் இருக்காது, அழுத்துவதைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் காலை மறந்துவிடும், அதுதான் ஆபத்து என்கிறார், அதுவும் சரி என்று தோன்றுகிறது. காந்திபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனேன், அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டுத் தரலாம் என்றார், ஒரு பிரேக் கைப்பிடியை எடுத்துக் கொடுத்து வீட்டில் குழந்தை கையில் வைத்துப் பாருங்கள் என்றார், வைத்துப் பார்த்தேன், அவள் விரல்கள் பாதி தூரம்தான் எட்டின, அவள் அதை வாயில் வைத்துக் கடித்தாள். அப்புறம் கீழ் வீட்டு ஜெரோம், அவன் விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமலைக்குப் போகிறவன், சைக்கிள் என்று சொல்லிவிட்டால் பிடித்துக்கொள்வான். இப்போதும் பார், காய்கறிப் பையோடு கேட்டுக்குள் வருகிறான், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான், "என்ன மூர்த்தி, இன்னுமா புடிச்சிட்டிருக்க" என்கிறான். சும்மா ஒரு துணைக்கு என்கிறேன். "கைய எடுத்துரு. நீ புடிச்சா அவளுக்கு எப்பவும் பேலன்ஸ் வராது. நீதான் பேலன்ஸ்னு நெனச்சுக்குவா." பிரேக் இல்லையே ஜெரோம் என்கிறேன், என் குரல் எனக்கே புகார் மாதிரிக் கேட்கிறது. "எதுக்கு பிரேக்? அதான் ரெண்டு வெச்சிருக்காளே" என்று அவள் கால்களைக் காட்டுகிறான். அவன் தெரியாமல் சொல்கிறான். நாங்கள் இங்கே குடிவந்தபோது அவள் கட்டெல்லாம் பிரித்தாகிவிட்டது, அவனுக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டு இருக்கிறது ஜெரோம், எனக்கும் தெரியும், இரண்டும் ஒன்று இல்லையே என்று சொல்ல வாய் வரைக்கும் வருகிறது, வந்து, வெண்டைக்காய் நல்லா இருக்கே எங்க வாங்கினே என்று வெளியே போகிறது. உழவர் சந்தை என்கிறான். போகிறான். வேனில் அவனுக்கு டாட்டா காட்டக் கையை எடுக்கிறாள், வண்டி சாய்கிறது, நான் பிடித்துக்கொள்கிறேன். பார்த்தாயா, நான் பிடிக்கவில்லையென்றால். ஆனால் அவள் காலும் அதற்குள் தரைக்கு வந்துவிட்டது என்பதையும் பார்த்தேன். எது முந்தியது, என் கையா அவள் காலா, சொல்ல முடியவில்லை.

சுகந்தி மொட்டை மாடியில் துணி எடுக்கிறாள், மேலே தலை தெரிகிறது, இங்கே பார்க்கிறாளா இல்லையா தெரியவில்லை. நேற்று அவளிடம் அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் குழந்தையின் ராத்திரி ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஷூ, நடுவே ஒரு கம்பி, தூங்கும்போது மட்டும் போட வேண்டும், நாலு வயது வரைக்கும், போடாவிட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னார்கள், திரும்பிவிடும் என்று சொல்லவில்லை, ஆனால் நான் தினமும் காலையில் அவள் எழுவதற்கு முன்னால் போர்வையை விலக்கிப் பார்க்கிறேன், இன்றைக்கும் பார்த்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் கம்பியைத் தொட்டில் சட்டத்தில் இடித்து டக் டக் என்று சத்தம் எழுப்புவாள், சத்தம் அவளுக்குப் பிடித்துப்போய் அதற்கு டக்டக் என்றே பெயர் வைத்துவிட்டாள், இப்போது தூக்கம் வந்தால் அவளே டக்டக்கை எடுத்து வந்து நீட்டுகிறாள், மற்றக் குழந்தைகள் பொம்மையை எடுத்து வருவதுபோல. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றதற்கு சுகந்தி தலை நிமிராமல் "ஏன்" என்றாள். பிரேக் இல்லை சுகந்தி, கீழே அந்தச் சரிவு வேறு இருக்கிறது என்றேன். அவள் துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, பிரேக் அந்த வண்டிக்கு வேணுமா, புள்ளைக்கு வேணுமா?" நான் ஷூ கம்பியின் திருகைத் தொட்டுப் பார்த்தேன். "போன மாசம் டாக்டர் என்ன சொன்னாரு? எந்தக் கால்னு நீங்க சொன்னாத்தான் எனக்கே தெரியும்னாரா இல்லையா? ஓட உடுங்க, குதிக்க உடுங்க, சைக்கிள் ஓட்டுனா ரொம்ப நல்லதுன்னாரா இல்லையா?" சொன்னார், நான்தானே எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் வேனிலை நடக்கச் சொல்லி, ஓடச் சொல்லி, குதிகாலை ஊன்றி உட்காரச் சொல்லி எல்லாம் பார்த்தார், பார்த்துவிட்டு இன்னும் ஆறு மாசம் கழித்து வந்தால் போதும் என்றார், சுகந்தி வெளியே வந்ததும் அங்கேயே ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள், நான் ஆட்டோ பிடிக்கப் போனேன். ஆட்டோவில் நான் கேட்டது இதுதான்: அவர் வலது காலை எவ்வளவு நேரம் பார்த்தார், இடது காலை எவ்வளவு நேரம் பார்த்தார், கவனித்தாயா? சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேற்றும் அப்படித்தான் திரும்பிக்கொண்டாள். "அந்தக் காலு நல்லாருக்குன்னு இந்த ஊர்ல நம்பாத ஒரே ஆளு நீங்கதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நம்பவில்லையா நான்? நம்புகிறேன். நடப்பதற்கு நம்புகிறேன், ஓடுவதற்கும் நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்வோம், ஓடும்போது வேண்டாம் என்று தோன்றினால் நின்றுவிடலாம். வண்டி அப்படி இல்லை. வண்டி தன் போக்கில் போகும், அதை நிறுத்த வேண்டும், நிறுத்துகிற பொறுப்பு முழுக்க அந்த இரண்டு பாதங்களுக்கு வந்துவிடுகிறது, அந்தப் பாதத்துக்கு, குதிகாலுக்கு மேலே தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி நீளப்படுத்தினார்களே அந்தப் பாதத்துக்கு. எறும்பு கடித்த மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது, குளிப்பாட்டும்போது என் கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் அங்கே போய் நிற்கும். அது பிடிக்குமா? சரிவில் வேகம் வந்தபிறகு பிடிக்குமா? பிரேக் என்று ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் நான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை, அதற்குத்தான் வாரம் முழுக்க அலைந்திருக்கிறேன், இரும்பில் ஒன்று, கம்பியில் ஒன்று, நான் சோதித்துப் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று. சுகந்தி சொன்னது சரி. சரிதான், ஆனால் சரியாக இருந்தும் என் கை சீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறது. வேனில் இப்போது ஏ பிளாக் முனைக்கு வந்துவிட்டாள், இங்கிருந்து சிமெண்டுப் பாதை மெல்லச் சரிந்து கீழே திரும்புகிறது, பெரிய சரிவு இல்லை, தண்ணீர் ஊற்றினால் அவசரப்படாமல் ஓடும், அவ்வளவுதான், ஆனால் திருப்பத்தில்தான் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து கார்கள் மேலே வருகிற வாய் இருக்கிறது, அங்கே ஒரு உருண்டைக் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள், அதில் எல்லாம் குட்டியாக, வளைந்து தெரியும். வேண்டாம் சாமி, இந்தப் பக்கம் திருப்பு என்கிறேன். "அங்க" என்கிறாள். அங்கே காரு வரும். "அங்க." நடுவில் ஒரு செருப்பு கழன்று விழுகிறது, அவள் மற்றதையும் உதறிவிடுகிறாள், வெறும் பாதம் சிமெண்டில் படுவது பிடித்திருக்கிறதுபோல, விரல்களை விரித்து விரித்து வைக்கிறாள். செருப்பை எடுக்கட்டுமா வண்டியைப் பிடிக்கட்டுமா. காலையிலிருந்து, இல்லை, ஒரு வாரமாகக் குனிந்தே நடந்ததில் இடுப்புக்கு மேலே ஒரு இடம் சுருக்கென்று பிடித்தது, உயிர் போகிற வலி, நான் நிமிர்ந்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டேன்.

வண்டி என் கையில் இல்லை என்பது முதலில் கைக்குத்தான் தெரிந்தது. பிறகுதான் கண் பார்த்தது, மஞ்சள் ஹெல்மெட் சரிவில் போய்க்கொண்டிருக்கிறது, சத்தமே இல்லை, அவ்வளவு சத்தமில்லாமல் ஒரு பொருள் என்னைவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை. ஓடினேன். கீழே எங்கோ கார் ஒன்று உறுமுகிற சத்தம் கேட்டது, நிஜமாகக் கேட்டதா, கேட்டது, உருண்டைக் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. வேனில் இரண்டு கால்களையும் தூக்கிவிட்டாள், இதை யாரும் சொல்லித்தரவில்லை, தள்ளத் தேவையில்லை என்று தெரிந்ததும் கால்களை இரண்டு பக்கமும் விரித்துத் தூக்கிக்கொண்டு போகிறாள், பறக்கிற கோழிக்குஞ்சு மாதிரி, இரண்டு உள்ளங்கால்களும் பின்னாலிருந்து எனக்குத் தெரிகின்றன, அழுக்காக, தட்டையாக, எது வலது எது இடது என்று அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நில்லு என்று கத்த நினைத்தேன், கார் என்று கத்த நினைத்தேன், இரண்டும் வரவில்லை, "காலு! காலு!" என்று கத்தினேன், இல்லை, கத்தினேன் என்று பிற்பாடு சுகந்தி சொன்னாள், மொட்டை மாடி வரைக்கும் கேட்டதாம். நான் ஓடி எட்ட முடியாது என்பது பாதி தூரத்திலேயே தெரிந்துவிட்டது, என் கையிலிருந்து அவள் சீட்டு வரைக்கும் இருந்த இடைவெளி குறையவே இல்லை, அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே ஓடினேன், அதில் என்னுடைய எதுவும் இல்லை, என் இரண்டு விரல் இல்லை, பிரேக் இல்லை, டாக்டர் இல்லை, டக்டக் இல்லை. அப்போது அவள் கால் இறங்கியது. ஒன்று முதலில், அடுத்து மற்றது. சிமெண்டில் தோல் உரசுகிற சர்ரென்ற சத்தம். வண்டி லேசாக ஒருபக்கம் அலைந்தது, பின் சக்கரம் நெளிந்தது, நின்றது. திருப்பத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. நின்ற பிறகும் அவள் கைப்பிடியை விடாமல், இரண்டு காலையும் அகட்டி ஊன்றியபடி, நேராக நின்றாள். கார் வந்தது, நிஜமாகவே வந்தது, சி பிளாக்கில் இருக்கிற அந்த டீச்சர், அவர் எங்களை எப்போதோ கண்ணாடியில் பார்த்து வெகுதூரத்திலேயே நிறுத்தியிருந்தார், கதவைத் திறந்துவிட்டுத் தலையை நீட்டி "ஐயோ, வண்டியெல்லாம் ஓட்டறயா தங்கம்" என்று சிரித்தார். அவருக்கு அது ஒரு சாயங்காலக் காட்சி. நான் குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன், ஒதுங்கி வழிவிட வேண்டுமே என்றுகூடத் தோன்றவில்லை, அவரே ஓரமாக வளைத்துக்கொண்டு போனார்.

"பாத்தியா?" என்றாள் வேனில். பாத்தேன் என்றேன். மூச்சு வாங்கியது. அப்புறம் அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள், கட்டைவிரல் ஓரம் தோல் வழண்டு ரத்தம் எட்டிப் பார்த்தது, சின்னப் பொட்டு மாதிரி, பார்க்கப் பார்க்கப் பெரிதானது. உடனே அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அழ வேண்டிய விஷயமா இது, இல்லையா, என் முகத்தில் தேடுகிறாள், உதடு ஒரு பக்கம் இழுபடத் தயாராக இருக்கிறது, எல்லாம் என் முகத்தில்தான் இருக்கிறது, இந்த இரண்டரை வருஷமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது இந்த முகத்தைத்தானா என்று தோன்றியதும் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, ஆனால் ஏதோ ஒன்றை வைத்தேன், அடடே ரத்தம் என்றேன், மழை வருதே என்று சொல்கிற மாதிரி. அவள் யோசித்தாள். "லத்தம்" என்றாள். அப்புறம் சந்தோஷமாக, "எனக்கு லத்தம்." காலைக் கையில் எடுத்தேன். இடது. எடுத்த பிறகுதான் தெரிந்தது இடது என்று. முதலில் இறங்கியது இதுதான், தேய்ந்தது இதுதான், வலது பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இந்தக் காலில் எத்தனை கை பட்டிருக்கிறது, வாராவாரம் பிடித்துத் திருப்பின கை, மாவு சுற்றின கை, கத்தி பிடித்த கை, முத்தம் கொடுத்த வாய், தினமும் காலையில் போர்வையை விலக்கிப் பார்க்கிற என் கண், இத்தனைக்கும் நடுவே இது ஒன்றுதான் வேறு யாரும் செய்யாதது, அவளே ஓடி அவளே வாங்கிக்கொண்ட காயம். எனக்கு அதைத் துடைக்க மனசு வரவில்லை. சுகந்தி படியிறங்கி ஓடிவந்தாள், துணிக் கூடையை எங்கோ போட்டுவிட்டு, தோளில் ஒரே ஒரு ஈரத் துண்டு கிடக்கிறது, அது அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. "என்னாச்சு, விழுந்துட்டாளா?" இல்லை என்றேன். விழவில்லை. நிறுத்தினாள். "ரத்தம் வருதே, எந்தக் கால்?" இடது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். இடது கால்தான் சுகந்தி, அதுதான் முதல்ல வந்துச்சு, நான் புடிக்கல, நான் எங்கயோ இருந்தேன் என்று சொல்லச் சொல்ல என் குரல் உடைந்து எங்கேயோ போனது, சுகந்தி அப்படியே பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை, வேனில் பார்த்தாள், பார்த்துவிட்டு "அம்மா, எனக்கு லத்தம்" என்று அவளிடமும் காட்டினாள்.

காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, வெளியே போடுகிற ஷூவை மாட்டிக் கூட்டி வந்தது சுகந்திதான், நான் அதற்குள் வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன், அச்சாணியைத் தொட்டுப் பார்த்தேன், கைப்பிடி நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், கை சும்மா இருக்காது. "இன்னொருக்கா" என்றாள் வேனில். போதும் வீட்டுக்குப் போலாம் என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது, இருட்டப் போகிறது, காலில் காயம், கொசு, பால் காய்ச்ச வேண்டும். "இன்னொருக்கா, அங்கிருந்து." சுகந்தி போய் கார் வருகிற வாய்க்கு முன்னால் கைகளை விரித்து நின்றுகொண்டாள், மூன்று கார் வந்தாலும் நகரமாட்டாள் என்கிற மாதிரி. நான் வண்டியையும் குழந்தையையும் மேலே ஏற்றிவிட்டேன். பழக்கத்தில் கை சீட்டுக்கு அடியில் போனது, அவள் தட்டிவிடுவதற்கு முன்னால் நானே எடுத்துக்கொண்டேன், இரு, அப்பா வரச் சொன்னப்புறம் வா என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி நடந்தேன், முதுகில் அவள் பார்வை குறுகுறுத்தது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நடந்தேன், இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். நாளைக்கு மறுபடியும் பிரேக்கைப் பற்றி யோசிப்பேன், எனக்குத் தெரியும், காலையில் போர்வையை விலக்கியும் பார்ப்பேன், பெரிய சைக்கிள் வாங்கும்போது இரண்டு பிரேக்கையும் நூறு தடவை அழுத்திப் பார்ப்பேன். கீழே வந்து நின்று திரும்பினேன். வா என்றேன். அவள் தட்டித் தட்டித் தள்ளினாள், பிறகு கால்களைத் தூக்கினாள். இத்தனை நாளும் பின்னாலேயே நடந்ததில் வண்டி ஓட்டும்போது அவள் பிடரியைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறேன், வாயைத் திறந்து, காற்றைக் குடித்துக்கொண்டு, கண்களைச் சுருக்கி என்னையே குறிபார்த்து வருகிற அந்த முகத்தை. அதில் பயம் என்று ஒன்று துளிகூட இல்லை.